யாரைப் பார்த்துப் படம் பழகுவது? நெல்லைச் சீமையில் ஓவியம் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்திரிகைக்கோ புத்தகத்துக்கோ படம் வரையவேண்டும் என்ற ஆசையோடு திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் இருந்துகொண்டு பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கை ஓரளவு வந்துவிட்டது, ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் "இது அவர் வரைஞ்ச மாதிரியே இருக்கே" என்கிறார்கள். அந்தக் கட்டத்தில் நிற்பவர்களுக்கு இது உதவும்.

அந்தக் கட்டத்தைத் தாண்ட நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சென்னையிலோ கும்பகோணத்திலோ கவின்கலைக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு வாத்தியார் இருக்கிறார், கூடப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே எந்த ஓவியரை எங்கே பார்ப்பது, கோயிலில் உட்கார்ந்து வரைய யாரிடம் கேட்பது, என்ன செலவாகும் என்றெல்லாம் சொல்ல ஆளில்லை. கேட்டும் அலைந்தும் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: ஓர் ஓவியரிடமிருந்து ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள். மீதியை அவரிடமே விட்டுவிடுங்கள்.

1. முதலில் பட்டியல் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்களுக்குப் பிடித்த ஓவியரின் பெயர். வலப்பக்கம் அவரிடம் கற்கப்போகிற ஒரே விஷயம். ஐந்து பெயர் போதும். "எல்லாமே பிடிக்கும்" என்றுதான் எழுதவருகிறது என்றால் அந்த ஓவியரை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. திரும்பப் போய்ப் பாருங்கள்.

என் பட்டியலைச் சொல்கிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, எப்படி எழுதுவது என்று காட்டத்தான்.

கோபுலு (ஆனந்த விகடன் ஓவியர்): கூட்டத்தில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வேலை கொடுப்பது.
சில்பி (கோயில் சிலைகளை வரைந்தவர்): கல்லைக் கல்லாகவே காட்டும் நிழல்.
ஆதிமூலம் (கோட்டோவியங்களுக்குப் பெயர்பெற்றவர்): கோட்டை எங்கே நிறுத்துவது.
கொண்டையராஜு (கோவில்பட்டிக் காலண்டர் பட ஓவியர்): முகத்தில் விழும் வெளிச்சம்.
ழான் ஜிரோ: வறண்ட நிலம், பாறை, தூசி.

கடைசிப் பெயரைப் பார்த்துத் திகைக்கவேண்டாம். சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ் படித்தவர்களுக்குக் கேப்டன் டைகரைத் தெரியும். அவரை வரைந்த பிரெஞ்சுக்காரர்தான் ஜிரோ. மோபியஸ் என்ற பெயரில் வேறு பாணியிலும் வரைந்தவர். இரும்புக்கை மாயாவியின் கரிய நிழல்களை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. லக்கி லூக்கை வரைந்தவர் மோரிஸ். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் ஓவிய ஆசிரியர்கள் இவர்கள்தான், பெயர் தெரியாமலேயே. பெயரைத் தெரிந்துகொள்வது முக்கியம். பெயர் தெரிந்தால்தான் அவர் வரைந்த மற்றவற்றைத் தேடமுடியும்.

"ஒன்றை மட்டும் எடு" என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோபுலுவையும் சில்பியையும் ஆனந்த விகடனில் வளர்த்தவர் அங்கே மூத்த ஓவியராக இருந்த மாலி. கோபாலனுக்குக் கோபுலு என்றும், சீனிவாசனுக்குச் சில்பி என்றும் பெயர் வைத்தவரும் அவரே. ஆசானும் ஒருவர், பத்திரிகையும் ஒன்று. ஆனால் கோபுலு மனிதர்களின் நடை, உடை, சிரிப்பு என்று போனார். சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். இருவர் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆசானிடம் வளர்ந்தவர்கள் என்று சொல்லவே முடியாது.

கோவில்பட்டியில் நடந்தது இதற்கு நேர்மாறு. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் குழுவுக்குத் திரை வரைந்து, பிறகு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்கள் அவரைச் சுற்றி உருவானார்கள். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்கள்கூட உண்டு. எந்தக் கை எங்கே வேலை செய்தது என்று பிரிப்பது கடினம். காலண்டர் தொழிலுக்கு அந்த ஒற்றுமை தேவைப்பட்டது. வீட்டுக்கு வீடு ஒரே லட்சுமியைத்தான் கேட்டார்கள். அது குறையே இல்லை, பெரிய பயிற்சி. ஆனால் உங்களுக்கு வேண்டியது இதில் எது என்று பட்டியல் போடும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இங்கே பலர் சறுக்குவது ஐந்து பெயரும் ஒரே மாதிரி அமைந்துவிடுவதில்தான். ஐவரும் பெண் முகம் அழகாக வரைபவர்கள் என்றால் உங்கள் படத்தில் முகம் மட்டும்தான் இருக்கும். கை, கால், தரை, சுவர் எதுவும் இருக்காது.

2. அசலுக்கு எவ்வளவு கிட்டப் போகமுடியுமோ அவ்வளவு கிட்டப் போங்கள்

செல்போனில் பார்த்து ஒருவருடைய கோட்டைக் கற்கமுடியாது. திரையில் எல்லாக் கோடும் ஒரே கனமாகத் தெரியும். அதோடு, இணையத்தில் ஓவியர் பெயர் போட்டு வரும் படங்களில் பாதி வேறு யாரோ வரைந்தவை, அல்லது பின்னால் யாரோ வண்ணம் ஏற்றியவை. இப்போது ஏஐ போட்ட படங்களும் கலந்துவிட்டன. படத்தில் கையெழுத்து, வந்த இதழின் பெயர், ஆண்டு இந்த மூன்றில் குறைந்தது இரண்டேனும் தெரியாத படத்தை வைத்துப் பழகாதீர்கள்.

பத்திரிகை ஓவியர்களுக்குப் பழைய இதழ்களே அசல் மாதிரி. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். ஆதார் நகல், இரண்டு புகைப்படம் கையோடு கொண்டுபோங்கள். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்ந்தாலும் ஒரு நல்ல தூரிகையின் விலைகூட வராது. ஓவியத் தொகுப்பு நூல்கள் பெரும்பாலும் வீட்டுக்குத் தரமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம், வரையலாம், பேனா மட்டும் கூடாது. பென்சில் கொண்டுபோங்கள்.

பழைய புத்தகக் கடையில் பைண்டு செய்த தொடர்கதைகள் கிடைக்கும். வீட்டில் பெரியவர்கள் வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்துவைத்தவை. கதைக்காக வைத்திருந்தாலும் நமக்கு அதில் படங்கள்தான் புதையல். வாங்கும்முன் படப்பக்கங்கள் கிழிக்கப்படாமல் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். பலர் படத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு விற்பார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அடையாள அட்டை வேண்டும். என்ன இதழ், எந்த ஆண்டு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போனால் நேரம் மிச்சம்.

கொண்டையராஜுவுக்கு நூலகம் தேவையில்லை, வீடுகள் போதும். உங்கள் ஆச்சி வீட்டுப் பூஜை அறையில் தேடுங்கள். பழைய மளிகைக் கடை, பாத்திரக் கடை கல்லாவுக்கு மேலே பாருங்கள். நெல்லை டவுனில் ரதவீதிகளைச் சுற்றிப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடைகளில், சட்டம் மாற்றக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காத படங்கள் சாத்திக் கிடக்கும். கீழே ஓரத்தில் கையெழுத்தைப் பாருங்கள். ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோனால் நல்லது. அச்சில் வண்ணம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் விழுந்திருக்கும். அதைத் தூரிகைத் தடம் என்று நினைத்துப் பழகிவிடக்கூடாது.

அப்படி ஒரு படம் கிடைத்தால் முகத்தை விட்டுவிட்டு முதலில் பின்னணியைப் பாருங்கள். தெய்வம் முன்னால் நிற்கும். பின்னால் ஓர் ஆறோ குளமோ, அதற்கப்பால் மலை, மேலே மங்கிய வானம். தெய்வத்துக்கும் அந்த மலைக்கும் நடுவே தூரமே இருக்காது. மேடையில் நிற்கும் நடிகருக்குப் பின்னால் தொங்கும் திரை அப்படியே வந்திருக்கிறது. இப்போது முகத்துக்கு வாருங்கள். கன்னத்தில் வெளிச்சம் பின்னணியிலிருந்து வரவில்லை, முன்னாலிருந்து, பார்க்கிற நம் பக்கத்திலிருந்து வருகிறது. அதனால்தான் விளக்கு வைத்ததும் படம் உயிர் பெற்ற மாதிரி இருக்கிறது. இந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு காலண்டர் படம் உங்களுக்கு ஒரு மாதப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

3. கோயிலில் உட்கார்ந்து வரைய அனுமதி வாங்குங்கள்

சில்பியிடம் நிழல் கற்கவேண்டும் என்றால் அவர் உட்கார்ந்த இடத்தில் நீங்களும் உட்காரவேண்டும், சிலைக்கு முன்னால். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் திணறுகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

போட்டோ எடுத்துவந்து வீட்டில் வரையலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உத்தரவிட்டது. பெரிய கோயில்களில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள். தாளும் பென்சிலும்தான் வழி. நமக்கு அது நல்லதுதான்.

பத்து நிமிடம் நின்று கிறுக்கிவிட்டு வர யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு தூணுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்காரவேண்டுமானால் மனு கொடுத்துவிடுவது நல்லது. அறநிலையத்துறைக் கோயில் என்றால் மனு செயல் அலுவலருக்கு. மனுவில் இவை இருக்கவேண்டும்:

உங்கள் பெயர், முகவரி, என்ன செய்கிறீர்கள்.
எந்த மண்டபம், எந்தத் தூண். "கோயில் முழுவதும்" என்று எழுதினால் இழுத்தடிப்பார்கள்.
எந்த நாட்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை.
பென்சில், பேனா, தாள் மட்டுமே கொண்டுவருவதாகவும், வண்ணமோ தண்ணீரோ கேமராவோ கொண்டுவரமாட்டேன் என்றும் ஒரு வரி.
சன்னதிக்குள் வரையமாட்டேன், தரிசனத்துக்கு இடைஞ்சலாக இருக்கமாட்டேன் என்று ஒரு வரி.
படங்கள் கற்பதற்காக மட்டும் என்று ஒரு வரி.

ஆதார் நகல் இணையுங்கள். மாணவர் என்றால் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இருந்தால் வாசலில் நிற்கும் காவலரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சின்னக் கோயில்களில் ஒரே செயல் அலுவலர் பல கோயில்களைப் பார்த்துக்கொள்வார். அவர் எந்தக் கிழமை எந்தக் கோயிலில் இருப்பார் என்று கோயில் எழுத்தரிடம் முதலில் கேட்டுக்கொண்டு அந்த நாளில் போங்கள். இது தெரியாமல்தான் நிறையப் பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பதில் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, வரையப்போகும் தேதியை அதற்கு அப்புறமாகக் கேளுங்கள்.

செலவு என்று பார்த்தால் மனு எழுதும் தாளும் நகலும்தான். பென்சிலால் வரைவதற்கு நான் கேட்ட இடங்களில் கட்டணம் சொல்லவில்லை. யாராவது பணம் கேட்டால் ரசீது உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

4. எந்த இடம், எந்த நேரம்

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் தொடங்குங்கள். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குள், பஸ் கஷ்டமில்லை. நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்கள், ஆள் உயரத்துக்கு மேல். கூட்டம் அதிகம் வராத கோயில் என்பதால் புதிதாக வரைபவருக்குக் கூச்சம் இருக்காது. வீரபத்திரர், கர்ணன் எல்லாம் எல்லாரும் வரைவார்கள். நீங்கள் தோளில் ஆளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் குறவன், குறத்தி சிற்பங்களுக்கு முன்னால் உட்காருங்கள். தூக்கியவரின் எடையும் தூக்கப்பட்டவரின் எடையும் சேர்ந்து எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள். இடுப்பு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது. அந்த எடை மட்டும் வந்துவிட்டால் நகை, முடி, விரல் எதுவும் வரையாவிட்டாலும் படம் நிற்கும். எடை வராமல் நகை வரைந்தால் உருவம் காற்றில் மிதக்கும்.

காலையில் நடை திறந்ததும் போய்விடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் கல்லின் மேடு பள்ளம் தெரியும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள். நடுவில் அந்தச் சாலையில் நிழல் தேடி அலைய வேண்டியிருக்கும். தண்ணீரும் சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள்.

சுவரோவியம் வேண்டுமானால் குற்றாலம் சித்திர சபை. ஐந்து சபைகளில் நடராசர் ஓவியமாகவே இருக்கும் சபை இதுதான். இங்கே கற்கவேண்டியது நிழலே இல்லாமல் உருவத்தைப் பிரித்துக் காட்டும் கோடு. சில்பியின் நிழலில் முங்கியவர்களுக்கு இது நல்ல மாற்று. சீசனில், அதாவது ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, போகவே போகாதீர்கள். அருவிக் கூட்டத்தில் பஸ்ஸும் கிடைக்காது, அறை வாடகையும் ஏறியிருக்கும். மாசி, பங்குனியில் போனால் ஊரே அமைதியாக இருக்கும். சபை பூட்டியிருக்கும் நாளும் உண்டு. குற்றாலநாதர் கோயில் அலுவலகத்தில் முதலில் விசாரித்துவிடுங்கள்.

திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் ஓவியங்கள், மரச் சிற்பங்கள். போர்க் காட்சிகள், குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் என்று விரிந்துகொண்டே போகும். கோபுலுவின் கூட்டப் படங்கள் பிடித்தவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும், ஒரு சுவரில் இத்தனை பேரை நெரிசல் இல்லாமல் எப்படி வைத்தார்கள் என்று. ஆனால் கோபுரத்துக்குள் ஏற அனுமதி தனியாக வேண்டும், சும்மா போனால் பூட்டுத்தான். படிகள் குறுகல், இருட்டு. சுவரில் கையோ பையோ படக்கூடாது. டார்ச் வெளிச்சத்தைச் சாயத்தின் மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். வீரவநல்லூர் வழியாகவோ முக்கூடல் வழியாகவோ போகலாம். பஸ் குறைவு, திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கழுகுமலைக்கு மட்டும் ஒரு தனிக் காரணம். வெட்டுவான் கோயில் பாண்டியர் காலத்தில் மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்டது. மேலே முடிந்த சிற்பம், கீழே கரடுமுரடான பாறை. சிற்பி எதை முதலில் செய்தார், எதைக் கடைசிக்கு வைத்தார் என்று கண்ணெதிரே தெரியும். முடிந்த படங்களை மட்டுமே பார்த்துப் பழகும் நமக்கு இது கிடைக்காத பாடம். மலைமேல் நிழல் கிடையாது. காலை பத்து மணிக்குள் இறங்கிவிடும்படி போங்கள். கோவில்பட்டியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் பஸ் உண்டு.

5. மூன்று நகல் முறை

ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து மூன்று முறை வரையுங்கள். முதல் முறை அச்சு அசலாக, அதே அளவில், அசல் எதனால் வரையப்பட்டதோ அதனால். கோபுலுவின் தூரிகைக் கோட்டை ஜெல் பேனாவால் நகல் எடுத்தால் அவருடைய கோடு ஏன் தடித்து ஏன் மெலிகிறது என்று உங்கள் கைக்குத் தெரியாது.

இரண்டாவது முறை படத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து. அடுத்த நாள் செய்யுங்கள், அன்றே வேண்டாம். எதெல்லாம் விட்டுப்போனதோ அதெல்லாம் நீங்கள் பார்க்காமல் நகல் எடுத்த இடங்கள். எதெல்லாம் நினைவில் நின்றதோ, அதுதான் அந்த ஓவியரிடமிருந்து உங்களுக்கு வேண்டியது. பட்டியலின் வலப்பக்கத்தில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலருக்கு இங்கே பட்டியல் மாறும். மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறை அதே பாடத்தை வைத்து வேறு பொருளை. ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியைக் கோடுகளாலேயே வரிசையாக வரைந்தார். கொஞ்சம் கோடுதான், மீதியெல்லாம் வெள்ளைத் தாள், ஆனாலும் ஆள் முழுசாக இருக்கிறார். அந்த நிறுத்தும் இடத்தைக் கற்றுக்கொண்டு நீங்கள் காந்தியை வரையாதீர்கள். பனையேறும் அண்ணாச்சியை வரையுங்கள். காய்த்துப்போன மார்பு, இடுப்பில் தொங்கும் பாளை அரிவாள், காலில் தளைநார். இதில் எத்தனை கோட்டை எடுத்துவிட்டாலும் அவர் மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார் என்று தெரியும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் கோடு உங்களுடையதாகிறது. அதற்கு ஆதிமூலத்தின் படத்தில் விடை இல்லை, பனையில்தான் இருக்கிறது.

ஓர் ஓவியருக்கு ஒன்றரை மாதம் கொடுங்கள். அவசரப்பட்டு வாரத்துக்கு ஒருவர் என்று ஓடினால் எதுவும் கையில் தங்காது. ஐந்து பேருக்கு ஏழெட்டு மாதம். "பத்து நாளில் உங்கள் சொந்தப் பாணி" என்று விளம்பரம் செய்து ஆயிரக்கணக்கில் வாங்கும் வகுப்புகளில் காசைப் போடவேண்டாம். அப்படி ஒரு வகுப்பில் சேர்ந்த நண்பருக்கு அந்த ஆசிரியரின் பாணிதான் கிடைத்தது.

சாமான்களுக்குப் பெரிதாகச் செலவு இல்லை. தடித்த தாள் வரைநோட்டு, 2பி, 6பி பென்சில், ஒரு பாட்டில் கறுப்பு டிராயிங் மை, நிப் பேனா, மெல்லிய வட்டத் தூரிகை ஒன்று. சில நூறு ரூபாயில் முடியும். நகல் எடுக்க ஜெராக்ஸ் தாள் போதும். நல்ல தாளை மூன்றாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஊரை வரையுங்கள்

இதை நீட்டத் தேவையில்லை. வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தம், குறுக்குத்துறைப் படித்துறை, பத்தமடையில் பாய் நெய்பவர், திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் அக்காமார், கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர், சுடலைமாடனின் விழித்த கண். ஆனித் தேரோட்டத்தன்று டவுனில் ஒரு மாடியில் இடம் பிடித்துக்கொண்டு வடம் இழுப்பவர்களை மட்டும் வரையுங்கள். கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை என்பது அன்றைக்குப் புரியும். ஆட்களைக் கிட்ட உட்கார்ந்து வரைந்தால் கேட்டுவிட்டு வரையுங்கள், முடிந்ததும் காட்டுங்கள். "மூக்கு இப்படியா இருக்கு?" என்று அவர்கள் சொல்வது சில சமயம் பெரிய ஓவியர் சொல்வதைவிடச் சரியாக இருக்கும்.

7. உரிமை விஷயத்தில் கவனம்

பழகுவதற்கு யாருடைய படத்தையும் நகல் எடுக்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்கும் படிப்புக்கும் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. விற்கும்போதும் வெளியிடும்போதும்தான் சிக்கல். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் வாழ்ந்த காலத்தில் வெளியான படத்துக்கு அவர் இறந்த பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு. இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கு. ரவிவர்மா 1906இல் இறந்தவர், அவர் படங்களுக்கு உரிமைத் தடை இல்லை. கொண்டையராஜு 1976இல் இறந்தவர், 2036 முடியும்வரை உரிமை உண்டு. கோபுலு 2015இல் மறைந்தார், 2075 முடியும்வரை. "பழைய படம்தானே" என்று காலண்டர் படத்தை டீ-சர்ட்டில் போட்டு விற்பவர்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள்.

பாணிக்கு உரிமை கிடையாது; ஒருவர் கோடு போடும் விதத்தைக் கற்றுக்கொள்வதை யாரும் தடுக்கமுடியாது. மக்கள் வந்துபோகும் இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தை வரைவதற்கும் சட்டத்தில் தடையில்லை. அப்புறம் மனு எதற்கு என்றால், அது கோயில் நிர்வாகத்துக்காக, சிலையின் உரிமைக்காக இல்லை.

ஒவ்வொரு நகலின் பின்னாலும் அன்றே எழுதிவிடுங்கள்: யார் படம், எந்த இதழ், எப்போது நகல் எடுத்தது. உரிமைக் காலம் முடிந்த படத்தின் நகலை முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ போட்டால் அதையும் சேர்த்துப் போடுங்கள். சில ஆண்டு கழித்து உங்களுக்கே எது நகல் எது சொந்தம் என்று குழம்பும், அப்போது இது காப்பாற்றும்.

உங்கள் சொந்தப் படங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை, வரைந்த அன்றே உரிமை உங்களுடையது. ஆவணம் வேண்டும் என்றால் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே பதியலாம். ஒரு படத்துக்கு 500 ரூபாய். பொருட்களின் மேல் அச்சிடும் லேபிள் மாதிரியான படம் என்றால் 2,000 ரூபாய். விண்ணப்பித்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்கவேண்டும், அதற்கு மேலும் மாதக்கணக்கில் இழுக்கும். தொடங்குபவர்கள் இதில் செலவழிக்க வேண்டிய அவசியமில்லை என்பது என் எண்ணம்.

8. கோப்பு தயாரிப்பது

பத்திரிகைக்கோ பதிப்பகத்துக்கோ அனுப்பும் கோப்பில் பன்னிரண்டு படம் போதும். முதல் முறை, இரண்டாம் முறை நகல் ஒன்றுகூட அதில் இருக்கக்கூடாது. மூன்றாம் முறைப் படங்களும் ஊர்ப் படங்களும் மட்டும். நகல் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். அசலைப் பார்த்த ஆசிரியர் எடுத்த எடுப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் மீதிப் படங்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படத்தை 600 டிபிஐயில், வண்ணப் படத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். செல்போனில் எடுத்து அனுப்பாதீர்கள், ஓரம் வளைந்துவிடும். ஏ3 அளவு ஸ்கேனர் எல்லாக் கடையிலும் இருக்காது. போகும்முன் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் முதலிலிருந்தே ஏ4 அளவில் வரையுங்கள். கடைக்காரர் "பளிச்சுன்னு பண்ணித் தாரேன்" என்று மெல்லிய கோடுகளை அழித்துவிடுவார். எதையும் திருத்தவேண்டாம், அப்படியே கோப்பாகத் தாருங்கள் என்று சொல்லி வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, 10 எம்பிக்குள் வைத்து அனுப்புங்கள்.

முதல் பக்கத்தில் நான்கைந்து வரி எழுதுங்கள். யாரிடமிருந்து எதைக் கற்றீர்கள் என்று வெளிப்படையாக. "கோபுலுவிடம் கூட்டம், ஆதிமூலத்திடம் வெற்றிடம்" என்று எழுதினால் ஆசிரியருக்கு எந்த மாதிரிக் கதைக்கு உங்களைக் கூப்பிடலாம் என்று உடனே புரியும். மறைத்தால் அவரே கண்டுபிடித்து, "இவர் அவரைக் காப்பி அடிக்கிறார்" என்று முடிவுகட்ட வாய்ப்பு உண்டு.

வேலை வந்தால் பான் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தக முதல் பக்க நகல் தயாராக இருக்கட்டும். வரி பிடிக்கும் அளவுக்குத் தொகை இருந்து, பான் எண்ணும் தரவில்லை என்றால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். எத்தனை படம், எந்த அளவு, எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம், எப்போது கிடைக்கும், மறுபதிப்பில் போட்டால் என்ன என்ற ஆறு விஷயத்தையும் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகே வரையத் தொடங்குங்கள். போனில் பேசியிருந்தாலும் "நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அசல் படத்தைக் கொடுக்காதீர்கள், ஸ்கேன் மட்டும். கோப்பு அனுப்பி மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். தீபாவளி மலர் வேலை நடக்கும் புரட்டாசி, ஐப்பசியில் யாருக்கும் புதிய கோப்பைப் புரட்ட நேரம் இருக்காது, அதனால் ஆடிக்குள்ளோ தைக்குப் பிறகோ அனுப்புங்கள்.